இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

அம்மாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினோம். அண்ணன் ஆட்டினான், தங்கை ஆட்டினாள், நடுவில் நின்ற நானும் ஆட்டினேன். வெளியே வந்து, மருந்துக் கடைக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்றதும், "அதெல்லாம் எடுக்க முடியாது" என்றான் அண்ணன்.

"உள்ள தலைய ஆட்டினியே" என்றேன்.

"டாக்டர் முன்னால வேற இன்னா பண்றது?"

அவனைச் சொல்லிப் பயனில்லை. எங்கள் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எது சொன்னாலும் "சரிங்க" என்றுவிட்டு, வீட்டுக்கு வந்து வேறு விதமாக முடிவெடுப்பது அவரிடமிருந்து எங்களுக்கு வந்தது. அண்ணன் இன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறான். நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். கம்பெனி பஸ்ஸும் அடையாள அட்டையும் வந்துவிட்டன. கழுத்து மட்டும் இன்னும் தானாக ஆடுகிறது.

இது இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது. அம்மாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் மதில் ஓரம் பூக்கடை. கடை என்றால் ஒரு பலகை, ஈரத்துணி போர்த்திய கூடை, அவ்வளவுதான். சர்க்கரை நோய் இருந்தது. இடது காலின் சுண்டு விரலில் செருப்பு கடித்த புண்ணை ஒரு மாதம் மஞ்சள் அப்பி எங்களிடம் மறைத்துவிட்டாள். தெரிய வந்தபோது பாதத்தில் பாதி கறுத்திருந்தது. இன்னும் நாலைந்து நாள் தாமதித்தால் சீழ் மேலே ஏறிவிடும், அப்புறம் உயிருக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "பையன் யாரு?" என்று முதலிலேயே கேட்டுவிட்டார். அம்மா சக்கர நாற்காலியில், சுவரைப் பார்த்தபடி இருந்தாள். யாரோ அப்படித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். திருப்ப எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலைந்து நாள் என்றால் நாலா, ஐந்தா? அதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஒரு நாள் வித்தியாசத்தை நினைத்து நினைத்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் அம்மாவுடன்தான் இருக்கிறேன். என் கல்யாணம் நிலைக்காமல் போன கதை இங்கே வேண்டாம். அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்து உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, நாங்கள் மூவரும் முன்னறையில் கூடினோம். நான் உட்காரவில்லை. அடுப்படிக்கும் தெருவாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எதையாவது யோசிக்க வேண்டுமென்றால் எனக்குக் கால் நடக்க வேண்டும். நிற்கச் சொன்னால் மூளையும் நின்றுவிடும்.

அண்ணன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய சூப்பர்வைசரின் அப்பாவுக்கு இப்படித்தான் காலை எடுத்தார்களாம். எட்டாம் நாள் இறந்துபோனாராம். அவர் வயது என்ன, வேறு என்ன நோய், எதுவும் அவனுக்குத் தெரியாது. காரியத்துக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்திருக்கிறான். கண்ணால் பார்த்த ஒரு சாவு அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

தங்கைக்கு வேறு கணக்கு. அவள் தாமலில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் சபையில் ஓர் அம்மாவுக்கு இதே மாதிரிப் புண் பச்சிலைக் கட்டில் ஆறிவிட்டதாம். செல்போனில் இரண்டு படம் வைத்திருந்தாள், கட்டுக்கு முன், கட்டுக்குப் பின். நான் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்துக் காலில் இரண்டாம் விரல் கட்டைவிரலை விட நீளம். அடுத்த படத்தில் குட்டை. "பச்சிலை விரலையும் சேத்து சுருக்கிடுச்சா?" என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். கேட்டிருக்க வேண்டாம்தான். பதற்றத்தில் எனக்கு நாக்கு நீண்டுவிடும்.

என் கட்சி ஆபரேஷன் கட்சி. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் முத்திரை இருந்தது, தேதி இருந்தது. நான் அந்த மாதிரித் தாளை நம்பிப் பழகியவள். ஆனால் அந்தத் தாள்கள் எப்படி உருவாகின்றன என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு ஐந்து மேஜை கடந்து போகும். முதல் மேஜைக்காரர் மேலே யாராவது பார்ப்பார்கள் என்று கையெழுத்துப் போடுவார். ஐந்தாவது மேஜைக்காரர் கீழே நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்று போடுவார். நடுவில் ஒருவரும் படித்திருக்க மாட்டோம். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டே நான் அந்தத் தாளைப் பிடித்துத் தொங்கினேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. கட்டு மாற்றுவது நான்தான். அந்த நாற்றம் என் கையை விட்டு, சோற்றை விட்டுப் போகவில்லை. அந்தக் கால் வீட்டை விட்டுப் போனால் போதும் என்று எனக்கு இருந்தது. அம்மா பிழைக்க வேண்டும் என்பது எத்தனை பங்கு, நாற்றம் போக வேண்டும் என்பது எத்தனை பங்கு என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் நேர்ப்பேச்சு வேறு கிடையாது. அவள் அந்த வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து ஒன்பது வருஷமாக அப்படித்தான். நடுவில் நான் தபால்காரி. ஒரே அறையில், மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "பச்சிலை வச்சி ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னு அவள கேளு" என்பான் என்னிடம். "அவரு ஒரு வழி சொல்லட்டும்னு சொல்லுக்கா" என்பாள் அவள். இரண்டு நாள் இப்படியே போனது. உள்ளறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு திரைதான். ஒரே ஒரு முறை உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அண்ணன் வந்து எவ்ளோ நேரம் ஆவுது, காப்பி போட்டுக் குடுங்கடி." போட்டுக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணன் சொன்னான்: "பூ பாத்துடலாம்."

சொன்ன உடனே அறையே லேசானது. தங்கைகூட மூச்சு விட்டாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், வீடு, ஆபரேஷன் என்று எதில் மனம் இரண்டாகப் பிளந்தாலும் பூ பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒரே அளவு வாழையிலைத் துண்டில், உள்ளே எது என்று தெரியாதபடி மடித்து நாரில் கட்டி, அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டி, குலுக்கிப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வழக்கத்தில் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூவுக்கு சக்தி உண்டா இல்லையா என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஒன்று மட்டும் பார்த்திருக்கிறேன். அடம்பிடித்துக்கொண்டிருக்கும் நாலு பேரில் ஒருவரும் தோற்காமல் ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால் இதை விட நல்ல வழி கிடையாது. அண்ணன் தங்கையிடம் தோற்க மாட்டான். அம்மனிடம் தோற்பான்.

பூக்காரி வீட்டில் பூ பார்ப்பதற்கு நாங்கள் வெளியே பூ வாங்க வேண்டியிருந்தது. அம்மாவின் கடை மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. இதற்கென்று பூ கேட்டு வருகிறவர்களுக்கு அம்மா இரண்டு நிறமும் தனித்தனியாகக் கொடுப்பாள், பொட்டலம் கட்டித் தர மாட்டாள். "எதுல எது இருக்குதுன்னு சாமிக்கு முன்னாடி எனக்குத் தெரியக் கூடாது. வூட்ல போயி கட்டிக்கங்க" என்பாள். எங்கள் வீட்டில் பொட்டலம் கட்டத் தெரிந்த இன்னொருத்தி நான்தான். அதனால் வாங்கி வருவதும் கட்டுவதும் என் தலையில் விழுந்தது.

மறுநாள் காலை அம்மாவின் பக்கத்துக் கடை அம்மாவிடம் போனேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அம்மாவும் அவரும் இருபது வருஷமாக அடுத்தடுத்த பலகை. இதற்குத்தான் என்று சொன்னதும் நந்தியாவட்டையை அளந்து வைத்துவிட்டு, அவர் கை செவ்வரளிக் கூடைக்குப் போனது.

"செவப்பு வீட்ல இருக்குது" என்றேன்.

எங்கள் வீட்டில் அரளிச் செடி கிடையாது. செடி வைக்க மண்ணே கிடையாது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு இன்னும் ஒரு கை நந்தியாவட்டை எடுத்து இலையில் போட்டுக் கொடுத்தார்.

இந்த முடிவை நான் எப்போது எடுத்தேன் என்று பல முறை தேடிப் பார்த்திருக்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது இரண்டு நிறமும் வாங்கத்தான் போனேன். வழியில் எதையும் யோசித்ததாக நினைவில்லை. நாலாம் நாள் ஆகிவிட்டது, நாலாம் நாள் ஆகிவிட்டது என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாய் சொல்லி முடித்த பிறகுதான் நான் முடிவெடுத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. காரணங்களை எல்லாம் திரும்பி வரும்போது ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டேன். நான் கெட்டிக்காரி, வீடு வந்து சேர்வதற்குள் ஏழெட்டுக் காரணம் சேர்ந்துவிட்டது.

அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. நார் இரண்டு முறை அறுந்தது.

தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போனோம். பொட்டலம் எடுக்கத் தங்கையின் ஆறு வயது மகளை நிற்கவைத்தோம். தங்கை உள்ளே வரவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கண்ணை மூடி அவளுடைய ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை எடுப்பதைச் சபையில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று அவளே சொல்லிவிட்டாள். கற்பூரம் காட்டினார்கள். குழந்தையின் கை இடது பொட்டலத்துக்குப் போய், நின்று, வலது பக்கம் வந்து, மறுபடி இடது பக்கம் போனது. இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்த ஒரே ஆள் நான். எனக்குத்தான் அங்கே எல்லோரையும் விட நெஞ்சு அடித்துக்கொண்டது.

வெள்ளை.

அண்ணன் கோயில் படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டான். தங்கை ஓடி வந்து, "இன்னொண்ண பிரிச்சுப் பாப்பமே" என்றாள், ஆசையாக. நான் அவள் கைக்கு முன்னால் பொட்டலத்தை எடுத்து, கழித்துப் போட்ட மாலைகள் குவிந்த மூலையில் எறிந்தேன். "வராததப் பிரிச்சுப் பாக்கக் கூடாது. ஆகாது" என்றேன். அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் இல்லை, அந்த நிமிஷத்தில் நான் உண்டாக்கியது. அப்புறம் தெருவில் ஒரு வீட்டில் பூ பார்த்தபோதும், அண்ணன் நடுவில் போய் நின்று, வராததைப் பிரிக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறான். இப்போது அது எங்கள் தெரு வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தங்கையைப் பார்த்து, "நீ போயி ஆட்டோவுக்கு சொல்லு" என்றான். என் வழியாக இல்லை, நேராக. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிணா" என்று ஓடினாள்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆட்டோ கிளம்பியபோது தெருவில் நெசவுக்குப் பாவு போட்டிருந்தார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டி, ஏழெட்டுப் பேர் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைப் பாதியில் நிறுத்தினால் நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆட்டோவுக்குள் அம்மாவின் கட்டுப் போட்ட காலை ஒருவர் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மொத்தப் பாவையும் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றார்கள். ஒரு பேச்சும் இல்லை. நாங்கள் நாலு நாள் உட்கார்ந்து செய்ய முடியாததை அவர்கள் ஆட்டோ ஹாரன் அடிப்பதற்குள் முடித்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நிறையத் தாள் நீட்டினார்கள். அம்மா போட வேண்டிய இடத்தில், "இங்க கையெழுத்துப் போடு மா" என்று பேனாவைக் கொடுத்தேன். போட்டாள். உறவினர் போட வேண்டிய இடத்தில் எல்லாம் நான் போட்டேன். எடுத்த உறுப்பை ஆஸ்பத்திரியே அப்புறப்படுத்தலாம் என்று ஒரு தாள் இருந்தது. நாலாவதோ ஐந்தாவதோ தாள் அது. அதிலும் போட்டேன்.

அம்மா பிழைத்தாள். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டமா போயிருக்கும்" என்றார் டாக்டர். அதாவது நான் செய்தது சரி. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் "அம்மனே சொல்லிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. பெயர் அம்மனுக்குப் போகிறதே என்றுகூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த எரிச்சல் அடங்கியதும் பயம் வந்தது. எட்டாம் நாள் அம்மா போயிருந்தால்? அப்போதும் அவன் அம்மன் சொன்னாள் என்றுதான் சொல்லியிருப்பான். நான் என்ன சொல்லியிருப்பேன்? சரியாக முடிந்தது என்பதால் சரியாக முடிவெடுத்தேன் என்று ஆகிவிடுமா? அலுவலகத்தில் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு இதையே யோசித்துக்கொண்டிருப்பேன். பக்கத்து மேஜைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டால்தான் காதில் விழும்.

வீட்டில் அம்மா பக்கத்தில் என்னால் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. வாசலில் சரிவு போட ஆள் பிடித்தேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தேன். வாக்கர் வாங்கினேன், அது உயரம் சரியில்லை என்று மாற்றினேன். ஏழெட்டு மாதத்தில் அம்மா வீட்டிலேயே பூக்கட்ட ஆரம்பித்தாள். பக்கத்துக் கடை அம்மா காலையில் வந்து சரத்தை வாங்கிப்போய் விற்றுக் கொடுத்தார். அப்புறம் ஆட்டோவில் கடைக்கே போக ஆரம்பித்தாள். தங்கை வாரா வாரம் தாமலிலிருந்து வந்தாள். அண்ணன் அவள் மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

போன மாதம் அம்மாவின் வலது காலில் இரண்டாம் விரல் கறுத்தது.

இந்த முறை மறைக்கவில்லை, அவளே காட்டினாள். விரலை இப்போதே எடுத்துவிடலாம், அதோடு நிற்கவில்லையென்றால் மேலே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். நான் மட்டும்தான் கூடப் போயிருந்தேன். பழக்கப்படி தலையாட்டினேன். சாயங்காலம் அண்ணன் போன் செய்தான்.

"யோசிச்சுக்கினு இருக்க வேணாம். பூ பாத்துடலாம். நீயே கட்டு. உன் கை ராசியான கை."

போனை வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து சரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உக்காருடி. உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றாள்.

உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், தெரிந்ததைக் கேட்டேன். "டாக்டர் சொன்னது கேட்டல்ல மா. நீ இன்னா சொல்ற?"

அம்மா இரண்டு முடிச்சுப் போட்டு முடித்தாள். பிறகு, "இந்த தடவயும் ரெண்டும் வெள்ளையேவா?" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"பக்கத்துக் கடைக்காரி அன்னிக்கே போன் பண்ணிட்டா. உன் பொண்ணு வெள்ள மட்டும் வாங்கினு போவுது, வூட்ல அரளி இருக்குதான்னு கேட்டா. இருக்குதுன்னு சொன்னேன்."

"அப்ப ஏன் மா ஒண்ணும் சொல்லல?"

"என்ன யாரு கேட்டா?"

"கையெழுத்துப் போட்டியே."

"போடுன்ன. போட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. பூவைப் பார்த்தபடி சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். "கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?" என்றேன்.

"வேணாம்னுதான்."

"செத்துப் போயிருப்ப மா."

"ஆமா. டாக்டர் சொன்னது எனக்கும்தான் கேட்டுது. செவுத்தப் பாத்து உக்காந்திருந்தா காது கேக்காதா?"

"அப்புறம் எதுக்கு ஆட்டோவுல ஏறின?"

அம்மா நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்கண்ணன் அவளப் பாத்து ஆட்டோவுக்கு சொல்லுன்னான். உள்ள படுத்துக்கினு கேட்டேன். ஒம்பது வருசமா ஒரு வார்த்த பேசாதவன். மூணு பேரும் ஒரே பேச்சா நின்னீங்க. நா வேணாம்னு சொல்லி அத்தக் கலைக்கணுமா?"

நான் அவளுக்காக முடிவெடுத்தேன் என்று இரண்டு வருஷம் தவித்துக்கொண்டிருந்தேன். அவள் எல்லாம் தெரிந்தே காலைக் கொடுத்திருக்கிறாள். அழுகை வந்தது, அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. அறுத்த நாரின் முனையை முடிந்துவிட்டுக் கேட்டாள்.

"எடுத்தாங்களே, அந்தக் கால இன்னா பண்ணாங்க?"

அந்தத் தாள் எனக்கு நினைவுக்கு வந்தது. "ஆஸ்பத்திரியிலயே எரிச்சிடுவாங்க மா. நாந்தான் கையெழுத்துப் போட்டேன்."

"எனக்கு ஒரு தடவ காட்டியிருக்கலாம்" என்றாள். "நா பாக்கவேயில்ல."

இத்தனை நாளில் அவள் கேட்கக்கூடியது என்று நான் மனதில் ஓட்டிப் பார்த்த எதிலும் அந்தக் கேள்வி இருந்ததில்லை.

அம்மா சரத்தைக் கூடையில் சுருட்டி வைத்து, ஈரத்துணியை மூடினாள். வலது காலைக் கையால் தூக்கித் தலையணை மேல் வைத்துக்கொண்டு, விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"விரல எடுக்கட்டும். எடுத்துட்டு எனக்குக் காட்டிட்டு அப்புறம் எடுத்துனு போவச் சொல்லு. அதுக்கு மேல எடுக்கணும்னா வேணாம்."

"மேல ஏறிச்சுன்னா மா?"

"ஏறட்டும். ஒரு காலோட உக்காந்து பூ கட்டுவேன். ரெண்டும் இல்லாம என்ன ஆளுங்க தூக்கினு போயி வைக்க வேணாம்."

"மா, அப்ப பாத்துக்கலாம், இப்பவே அப்படிச் சொல்லாத."

"கேட்ட. சொல்லிட்டேன்" என்றாள்.

வாசலுக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். பூ வாங்கியாச்சா என்றான். இல்லை, அம்மாவைக் கேட்டேன் என்றேன். "அம்மாவையா?" என்றான், அதற்குத் தயாராக இல்லாதவன் போல. பிறகு அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டான். விரலைச் சொன்னேன், காட்டச் சொன்னதைச் சொன்னேன், அதற்கு மேல் வேண்டாம் என்றதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"அத்த எப்பிடி ஒத்துக்கறது?" என்றான்.

எனக்கும் அதையேதான் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"கேட்டாச்சுணா" என்றேன்.